அப்படி யாரும் இங்கன கிடையாது

அன்று தூத்துக்குடி மில்லர்புரத்து மாடி அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். செல்லப்பாண்டி ஆகிய நான். காலமான என் தம்பி ராஜதுரையின் மனைவி முத்துக்கனி. அவர்களுடைய ஒரே மகள் உமாராணி. ஆள் கடத்தலில் சிக்கி மீண்டு வந்த பெண்களுக்காக அந்த இடத்தை நடத்துகிற டயானா. அந்தப் பெண்களுக்கு வழக்குப் பார்க்கிற வக்கீல் சத்தியராஜ். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்த பிலோமி. ஆடி மாதம், வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. காற்று மண்ணை வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

வெளியே பெயர்ப்பலகை இல்லை. கீழே ஒரு தையல் கடை, பக்கவாட்டில் படி, படி முடிகிற இடத்தில் கிரில் கதவு. பிலோமி உள்ளிருந்து பூட்டைத் திறந்து எங்களை விட்டுவிட்டு மறுபடியும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாற்பத்தைந்து வருஷமாகக் கடையைத் திறப்பதும் பூட்டுவதும் என் கைதான். என்னை உள்ளே வைத்து இன்னொருவர் பூட்டியது அன்றுதான் முதல் தடவை. பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நுனியில் உட்கார்ந்தேன்.

"சாஞ்சு உக்காருங்க அண்ணாச்சி, நாற்காலி ஒண்ணும் வாடகை கேக்காது" என்றாள் பிலோமி. ஐம்பது வயதிருக்கும். முன்பு திரேஸ்புரத்தில் மீன் விற்றவளாம். குரல் இன்னும் ஏலக் குரலாகவே இருந்தது. "டீக்குச் சீனி போடலாமா, சுகர் கிகர் உண்டா?"

"அதெல்லாம் இல்லை" என்றேன்.

"இருக்கு. போடாதீங்க" என்றாள் முத்துக்கனி.

தம்பி இறந்து பதின்மூன்று வருஷமாக அவள் என் முன்னால் நான் சொன்னதை மறுத்ததில்லை. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போனது உமாராணியை வீட்டுக்கு அழைத்து வர. அவர்கள் என்னை வரச் சொன்னது வேறு ஒன்றுக்கு. அது என்னவென்று டயானா போனிலேயே சொல்லியிருந்தாள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளையை வண்டியில் ஏற்றிவிட்டால் மற்றதெல்லாம் தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பலசரக்கு மொத்தக் கடை எங்களுடையது. திருநெல்வேலி சாலையில் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தெருவில் ஒரு தகராறு என்றால் போலீஸுக்குப் போவதற்கு முன் என் கடைக்குத்தான் வருவார்கள். நான் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் பேச்சு இருக்காது. ராஜதுரை லாரி மோதி இறந்தபோது உமாராணிக்குப் பன்னிரண்டு வயது. அவளைப் படிக்க வைத்தது நான். பி.காம். சேர்த்ததும் நான்தான். முடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று வந்து நின்றாள். நம் வீட்டுப் பெண் இன்னொருவனிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை. ஆறு மாதம் கழித்து, அழகுக்கலை வகுப்பு நடத்திய ஒருத்தி பெங்களூரில் பெரிய பார்லரில் வேலை இருக்கிறது, தங்க இடமும் தருவார்கள் என்று சொன்னதை நம்பி, தாயிடம் மட்டும் சொல்லிவிட்டு, பெங்களூர் வழியாகப் போகிற மைசூர் ரயிலில் ஏறிவிட்டாள்.

அங்கே பார்லர் இல்லை, ஒரு வீடுதான் இருந்தது. போன அன்றே ஆதார் அட்டையையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான்கு மாதம் கழித்துப் போலீஸ் புகுந்து ஏழு பெண்களை வெளியே கொண்டு வந்தது. இடையில் நடந்ததை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்குப் பெங்களூரில் கம்பெனி வேலை என்று சொல்லியிருந்தேன். கோர்ட் அவர்களை ஒரு இல்லத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து முத்துக்கனிக்குப் போன் வந்தது. அவள் கடைக்கே ஓடி வந்து, சாக்குகளுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டே சொன்னாள். பார்க்கலாம் என்றேன்.

எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தபால் வந்தாலும் கடை முகவரிக்குத்தான் வரும். வீட்டு வாசலில் அந்நிய ஆள் வந்து நிற்கக் கூடாது என்று என் அப்பா வைத்த வழக்கம். அதனால் உமாராணி கோர்ட்டில் கொடுத்த முகவரியும் கடை முகவரியாகவே இருந்தது. ஒரு மாதம் கழித்து ஒரு காலை நேரம், கல்யாணச் சாமான் வாங்கச் சீட்டோடு வந்த கூட்டம் கடையை அடைத்துக்கொண்டு நின்றபோது, ஒரு பெண் அதிகாரி ஃபைலோடு வந்தாள். நல்ல மாதிரியான பெண்தான். ஆனால் அடக்கமாகப் பேசத் தெரியவில்லை.

"உமாராணி, தகப்பனார் பேரு ராஜதுரை. இந்த வீட்டுப் பொண்ணுதானங்க? பெங்களூரு கோர்ட்ல இருந்து வீட்டு விசாரணைக்கு அனுப்பியிருக்காங்க. நீங்க ஏத்துக்கிடுதீங்கன்னு எழுதுனாத்தான் பொண்ணை அனுப்புவாங்க."

துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கை நின்றது. எதிரே எட்டுப் பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் எங்களுக்குச் சம்பந்தி முறை. அடுத்த மாதம் என் இளைய மகன் செந்தில்வேலுக்குக் கல்யாணம்.

"அப்படி யாரும் இங்கன கிடையாது" என்றேன்.

"இதே முகவரிதானங்க…"

"முகவரி யாரு வேணும்னாலும் குடுக்கலாம். கடைக்குப் பேர் இருக்குல்லா. ஆள் கிடையாது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஃபைலில் எழுதினாள். கையெழுத்துக் கேட்டாள். போட்டேன். அந்த அறிக்கை போனால் பிள்ளை வர முடியாது என்பது எனக்குத் தெரியாது என்றுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையல்ல. அந்த அம்மாள் சொல்லிவிட்டுத்தான் கேட்டாள்.

முத்துக்கனியிடம் இதைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போனது. எங்கள் பத்திரிகையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரியவர்களில் தொடங்கி, கைக்குழந்தை வரைக்கும் குடும்பத்தில் ஒரு பெயர் விடாமல் படிப்போடும் ஊரோடும் போட வேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் பத்திரிகை வைக்கப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் காரணம் கேட்பார்கள். அதனால் என் பேத்தி பெயருக்கு மேலே 'உமாராணி பி.காம்., பெங்களூரு' என்று போடச் சொன்னேன். பிழை பார்க்க வந்த தாளில் 'பெங்களுரு' என்று இருந்ததைத் திருத்தியும் கொடுத்தேன். கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் லீவு கிடைக்கவில்லை என்றேன். அறுநூறு பத்திரிகை. அத்தனையிலும் அவள் இருந்தாள்.

அன்று அந்த அறையில் நான் அவளை இரண்டரை வருஷத்துக்குப் பிறகு பார்த்தேன். மெலிந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கழுத்தில் ஏதோ கண்டெய்னர் கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது. எட்டு மாதமாக மில்லர்புரத்தில் இருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். டயானாதான் பெங்களூர் போய்ப் பேசி, முத்துக்கனியிடம் கையெழுத்து வாங்கி, கோர்ட்டில் போட்டு அழைத்து வந்திருக்கிறாள். என் வீட்டில் எனக்குத் தெரியாமல் இவ்வளவு நடந்திருக்கிறது. எனக்குச் செய்தி வந்தது போன மாதம்தான்.

"நல்லாருக்கீங்களா பெரியப்பா" என்றாள்.

"இருக்கேன். துணிமணி எடுத்துக்கோ. கார் கீழ நிக்கி."

அவள் எழுந்திருக்கவில்லை.

"மாடி ரூமை ஒழிச்சு, வெள்ளையடிச்சு வச்சிருக்கு. ஃபேன் புதுசு. பாத்ரூமும் தனியாக் கட்டியாச்சு. உனக்கு ஒரு குறையும் இருக்காது."

"மாடி ரூமுக்குப் படி உள்ள கூடியா, வெளிய கூடியா?"

"வெளியதான். பின்பக்கமா."

"சரிதான்" என்று சிரித்தாள். அவள் அப்பனின் சிரிப்பு. கோபம் வரும்போது அவனும் அப்படித்தான் சிரிப்பான்.

அந்தப் படியை நான் அவளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் கட்டினேன். வருகிறவர் போகிறவர் கண்ணில் படாமல் கொஞ்ச நாள் இருந்தால், பிறகு ஒரு இடம் பார்த்துக் கட்டிக் கொடுத்துவிடலாம். அதை எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொல்ல முடியவில்லை.

டயானா நாற்காலியை இழுத்துப்போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "அண்ணாச்சி, வீட்டுக்கு வாரதும் வராததும் அவ இஷ்டம். அதுல நாங்க தலையிட மாட்டோம். இப்ப உங்களைக் கூப்பிட்டது கேஸ் விஷயமா. வக்கீல் சொல்லட்டும்."

சத்தியராஜ் சின்ன வயதுக்காரன். என் மூத்த மகனைவிடப் பத்து வயது குறைந்திருக்கும். மரியாதையாகத்தான் பேசினான். "பெங்களூர்ல கேஸ் முடியப் போவுதுங்க ஐயா. ஏழு பேர்ல அஞ்சு பேர் சாட்சி சொல்ல வரல. ஒருத்தி மாத்திச் சொல்லிட்டா. உங்க பொண்ணு மட்டுந்தான் ஆளைக் காட்டி உறுதியாச் சொல்லியிருக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். உங்க வீட்டு விசாரணை ரிப்போர்ட்."

அதன் நகலை என் முன்னால் வைத்தான்.

"பேரும் பொய், முகவரியும் பொய், வீட்டுத் தலைவரே அப்படி ஒரு ஆள் இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு, இவ ஆளைக் காட்டுனது மட்டும் எப்படி நிஜமாகும்ங்கான். அம்மா வந்து சொன்னா, அது ஏற்பாடு பண்ணின அம்மாங்கான். ஆதார் கார்டைக் காட்டினா அதையும் சந்தேகப்படச் சொல்லுதான். நீங்க கையெழுத்துப் போட்டது. நீங்களே எழுதிக் குடுத்தாத்தான் அது உடையும். பிறகு ஒரு நாள் தூத்துக்குடி கோர்ட்டுக்கு வந்து வீடியோவுல சொல்லணும். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான் என்றான். நான் ஜன்னலைப் பார்த்தேன். மண் ஏறிய கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. எழுபத்திரண்டு வயதில், கோர்ட்டில், எவனோ ஒரு வக்கீல் கேட்கக் கேட்க நான் பதில் சொல்ல வேண்டும். தூத்துக்குடி கோர்ட் வளாகத்தில் எனக்குத் தெரியாத குமாஸ்தா கிடையாது. மாலைக்குள் புதுக்கோட்டைக்குச் செய்தி வந்துவிடும்.

"அவ இனிமே சாட்சி கீட்சின்னு அலைய வேண்டாம். நடந்தது நடந்துபோச்சு. வீட்டுக்கு வந்துட்டா எல்லாம் அடங்கிரும்" என்றேன்.

"எது அடங்கும்?" என்றாள் உமாராணி.

"பேச்சு."

"என்னைப் பெங்களூருக்கு அனுப்புன அந்தப் பொம்பளை ஜாமீன்ல வெளிய நிக்கா பெரியப்பா. திரும்பவும் அழகுக்கலை கிளாஸ் நடத்துதா. வேற ஊர்ல, வேற பேருல. போன் நம்பர்கூட மாத்தல."

பிலோமி டீ கொண்டுவந்து வைத்தாள். சீனி இல்லாத டீ. போகிற போக்கில், "அவளுக்கு மட்டும் பேரு மாத்துனா கோர்ட்டு கேக்காது போல" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

கீழே தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது. எனக்கு ஒரு வழி தோன்றியது. கௌரவமான வழி. கடைகளுக்குள் பில்லில் தவறு வந்தால் நாங்கள் அப்படித்தான் எழுதிக்கொள்வோம்.

"தாளைக் கொண்டாங்க. 'அன்றைக்கு இருந்த வேலை நெருக்கடியில், ஞாபகப் பிசகாகச் சொல்லிவிட்டேன்'ன்னு எழுதித் தாரேன்."

சத்தியராஜ் டயானாவைப் பார்த்தான். அவள் உமாராணியைப் பார்த்தாள். அப்போதுதான் ஒன்று புரிந்தது. அந்த அறையில் முடிவு சொல்ல வேண்டியவர் யார் என்பதில் எனக்கு மட்டும்தான் குழப்பம் இருந்திருக்கிறது.

"பிசகு இல்லையே பெரியப்பா" என்றாள் அவள். குரல் உயரவில்லை. சலிப்பாக, வெகுநேரம் நின்ற ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. "அந்த ரிப்போர்ட்டைக் கோர்ட்டுல வாசிச்சாவ. எனக்குக் கன்னடம் தெரியாதுல்லா, ஒரு அம்மா தமிழ்ல எடுத்துச் சொன்னாவ. அப்படி ஒரு பொண்ணு அந்த வீட்டுல கிடையாதுன்னு. நான் அங்கனதான் நின்னுக்கிட்டு இருந்தேன். ஜட்ஜ் என்னைப் பாத்து, உன் உண்மையான பேரு என்னம்மான்னு கேட்டாரு."

நான் துண்டை எடுத்து மடியில் வைத்தேன்.

"பதினாலு மாசம் பெரியப்பா. ஒவ்வொரு மாசமும் கேப்பாவ. உண்மையான வீடு எது, சொல்லு, பயப்படாதன்னு. நான் அதே முகவரியச் சொல்லுவேன். கவுன்சிலிங் குடுத்தாவ, பொய் சொல்லுத பழக்கத்தை விடுததுக்கு."

"ஏளா, நிறுத்து" என்றேன். அதட்டலாகச் சொல்ல நினைத்தது. அப்படி வரவில்லை.

முத்துக்கனி கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து செந்தில்வேலின் கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேஜையில் விரித்து, சுருண்ட ஓரத்தை உள்ளங்கையால் நீவினாள். மஞ்சள் தடவிய மூலைகள் மங்கியிருந்தன.

"இதை நான்தான் அவளுக்குத் தபால்ல அனுப்புனேன் அத்தான். பேரு இருக்குன்னு பாத்துச் சந்தோஷப்படுவான்னு. ரிப்போர்ட் விஷயம் அப்ப எனக்குத் தெரியாது. பிறகு அவதான் சொன்னா." அவள் மூச்சு வாங்கினாள். "ஊருக்கு அனுப்புத தாள்ல பேர் போட்டீங்க. கோர்ட்டுக்கு அனுப்புத தாள்ல இல்லைன்னுட்டீங்க. ரெண்டுலயும் உங்க பேருதான் கீழ இருக்கு. எதை நம்பச் சொல்லுதீங்கன்னு அந்த வக்கீல் கேக்க மாட்டானா?"

பதின்மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது. பத்திரிகையைப் பார்த்தேன். என் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. உமாராணியின் பெயருக்கு அடியில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். ஒரு கோடு அல்ல. பல நாள் பல தடவை போட்டதுபோல் தாளே தேய்ந்திருந்தது.

நான் தாளை வாங்கிக்கொண்டேன். சத்தியராஜ் பேனாவை நீட்டினான். என் சட்டைப் பையிலேயே பேனா இருந்தது. அதை எடுத்து எழுத ஆரம்பித்தேன். என் பெயர், வயது, முகவரி. முகவரி எழுதும் இடத்தில் கடையை எழுதாமல் வீட்டுக் கதவு எண்ணை எழுதினேன். உமாராணி என் உடன்பிறந்த தம்பி ராஜதுரையின் மகள், பிறந்தது முதல் என் வீட்டில் வளர்ந்தவள் என்று எழுதினேன். விசாரணைக்கு வந்த அதிகாரி முறையாகவே விசாரித்தார் என்றும் எழுதினேன். அவர்மேல் பழி நிற்கக் கூடாது. அடுத்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது.

டயானா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உமாராணி கையைக் காட்டி நிறுத்தினாள். காத்திருக்கப் பழகியவள்போல் இருந்தாள்.

'ஊரார் முன்னிலையில் மானத்துக்குப் பயந்து, தெரிந்தே, அப்படி யாரும் இல்லை என்று பொய் சொன்னேன்.'

எழுதிவிட்டு ஒரு தடவை படித்தேன். பொய் என்ற வார்த்தையை என் பெயரோடு சேர்த்து நான் எழுதியது அதுவரை இல்லை. ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். சத்தியராஜ் வாங்கிப் படித்துவிட்டு, இதை டைப் அடித்து நோட்டரியிடம் கொண்டுபோகலாம், நாளைக்கு மறுபடி வர முடியுமா என்று கேட்டான். வருகிறேன் என்றேன். நாளை என்றதும் அலுப்பாக இருந்தது. அதற்கடுத்த நாளும் இருக்கும். கோர்ட் தேதியும் வரும். இது ஒரு கையெழுத்தோடு முடிகிற காரியமாகத் தெரியவில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

உமாராணி அந்தத் தாளைக் கையில் வாங்கினாள். மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தாள். அவள் முகத்தில் ஏதாவது தெரியும் என்று பார்த்தேன். தாளை வக்கீலிடம் கொடுத்துவிட்டு மணியைப் பார்த்தாள். "நாலரைக்கு எனக்கு ஷிஃப்ட்டு" என்றாள்.

"அப்ப வேலை முடிஞ்சு வா. கார் அனுப்புதேன்" என்றேன்.

"வேண்டாம் பெரியப்பா."

"அந்தப் படி உள்ள கூடியே வச்சுக்கிடலாம். ஒரு மாசத்துல இடிச்சுக் கட்டிரலாம்."

அவள் எழுந்தாள். "எனக்கு இங்கன ஒரு அலமாரி இருக்கு. சாவி என்கிட்டதான் இருக்கு" என்றாள். அதோடு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள்.

பிலோமி கதவைத் திறந்துவிட்டாள். எல்லோரும் கீழே இறங்கினோம். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். காரின் பின் கதவைத் திறந்து முத்துக்கனிக்காக நின்றேன். அவள் வரவில்லை. "இவ பழைய பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிடுதேன்னு சொல்லுதா. நான் பஸ்ல வந்துக்கிடுதேன் அத்தான்" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, மகளின் ஸ்கூட்டரில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். அவள் ஸ்கூட்டரில் ஏறி நான் பார்த்ததில்லை. விழுந்துவிடுவாளோ என்றிருந்தது. மகளின் தோளைப் பிடிக்கலாமா கூடாதா என்று தயங்கிய கை, வண்டி குலுங்கியதும் பிடித்துக்கொண்டது. தெருமுனையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. இரண்டு லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் நுழைந்தது. புழுதியில் சிவப்பு ஹெல்மெட் ஒரு தடவை தெரிந்தது. அப்புறம் லாரிகள்தான் தெரிந்தன.

கோர்ட் தேதி இன்னும் வரவில்லை. அதற்குள் ஊரில் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. தம்பி மகள் திரும்பி வந்து வாசலில் நின்றாளாம், செல்லப்பாண்டி அண்ணாச்சி நடைப்படி ஏறவிடாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாராம், அந்த மனுஷனுடைய வைராக்கியம் யாருக்கு வரும் என்று. சொல்கிறவர்கள் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். அது தவறு. அவள் என் வாசலுக்கு வரவே இல்லை. நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். வேண்டாம் என்று சொன்னது அவள்.